நான் அடித்த முதல் வாக்கியம்

அலமு,

உன் கட்டுரையின் முதல் பக்கத்தை நான் எழுதித் தரப்போவதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கடிதத்தைப் பிரித்ததும் நீ அதைத்தான் தேடுவாய். பன்னிரண்டு பக்கம் எழுதி, மேலே ஒரு வெள்ளைத் தாளை வைத்துத் தைத்து, "முன்னுரைக்கு இடம் விட்டிருக்கிறேன், நீயே எழுதிக் கொடு அம்மா" என்று ஒரு துண்டுச் சீட்டையும் சேர்த்து அனுப்பியிருக்கிறாய். அந்தச் சீட்டை நாலைந்து முறை படித்தேன். அது நம்பிக்கையா, குத்தலா என்று எனக்குப் புரியவில்லை. இரண்டில் எதுவானாலும் உனக்கு உரிமை உண்டு. உன் நைனாவிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "குத்தறவ இவ்ளோ ஒழுங்கா ஊசி நூல் போட்டுத் தெச்சி அனுப்புவாளா? எழுதிக் குடேன்" என்றார்.

ஜூன் மாதம் நகரிப் பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு நீ சென்னைக்குப் போக இருக்கிறாய். பி.ஏ.வில் சரித்திரம் எடுத்தவர்கள் தமிழில் எம்.ஏ. சேர வேண்டுமானால், ஒரு பாட்டையோ கதையையோ எடுத்து ஆராய்ந்து கட்டுரை கொடுக்க வேண்டும் என்று அந்தக் கல்லூரி கேட்கிறது. கட்டுரை தேறினால்தான் இடம். இருபத்தைந்து வயதுக்கு மேல் இன்னொரு முறை கேட்டுப் பெற முடியாத இடம் என்பது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இதில் நீ எடுத்துக்கொண்டிருப்பது ஏழு வருஷத்துக்கு முன் எடுத்த அதே பாட்டு. உறையைப் பிரித்து அதைப் பார்த்ததும் மூடி மேஜைக்குள் வைத்துவிட்டு வகுப்புக்குப் போய்விட்டேன். மூன்று நாள் கழித்துத்தான் எடுத்துப் படித்தேன். இந்தக் கடிதத்தின் பிரதி ஒன்றை, நீ சரி என்று எழுதினால், பத்திரிகைக்கும் அனுப்ப நினைக்கிறேன். காரணம் பின்னால் வரும். ஆகையால் உனக்குத் தெரிந்த சிலவற்றையும் இதில் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்.

எழுதியவர் பெயர் தெரியாத பத்து வரிப் பாட்டு அது. ஒருத்தியின் மகள் தனக்குப் பிடித்தவனோடு ஊரைவிட்டுப் போய்விட்டாள். காலையில் தாய் தெருவில் நின்று அக்கம்பக்கத்தாரைக் கேட்கிறாள். பாதி நிரம்பிய குடத்தைக் கிணற்றடியில் விட்டது யார், ஈரச் சேலையைப் பிழியாமல் கொடியில் போட்டது யார், ஆட்டுக்குட்டிக்குத் தழை வைத்தார்களா. பத்து வரியும் இப்படிக் கேள்விகள்தான். மகள் என்ற சொல் அதில் ஓரிடத்திலும் வருவதில்லை. பாடப்புத்தகத்தில் அதற்குக் கீழே, 'மகளைப் பிரிந்த தாயின் துயரம்' என்று அச்சிட்டிருப்பார்கள். நானும் அப்படித்தான் படித்தேன், அப்படித்தான் பல வருஷம் பாடம் நடத்தினேன்.

பதினெட்டு வயதில், இன்டர்மீடியட் முடித்த கோடையில், சென்னையில் தமிழ் ஆனர்ஸ் சேருவதற்காக நீ அந்தப் பாட்டைப் பற்றிக் கட்டுரை எழுதினாய். அப்போது நாம் சித்தூரில் இருந்தோம். நான் சமையலை முடித்துவிட்டு வந்தபோது என் மேஜைமேல் வைத்திருந்தாய். அதன் முதல் வாக்கியம் எனக்கு இன்னும் மனப்பாடம். 'இந்தப் பாட்டில் வரும் தாய் மகளை நினைத்து அழுகிறாள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கென்னவோ, மகளைப் பற்றிக் கேட்கத் தெரியாமல் அவள் குடத்தைப் பற்றிக் கேட்கிறாள் என்று தோன்றுகிறது.' நான் சிவப்பு மைப் பேனாவைத் திறந்தேன். 'எனக்கென்னவோ' என்பதைச் சுழித்தேன். ஓரத்தில் 'ஆதாரம்?' என்று எழுதினேன். பிறகு வாக்கியம் முழுவதையும் குறுக்கே ஒரு கோடு போட்டு அடித்தேன். நீ கதவருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாய்.

"தப்பாம்மா?" என்று கேட்டாய்.

"தப்புன்னு சொல்லல. இப்படி ஆரம்பிக்கக் கூடாது. உனக்கு என்னவோ தோணுதுன்னு சொல்றதுக்கு நீ யாரு?"

"சரிம்மா" என்று சொல்லிவிட்டுத் தாளை எடுத்துக்கொண்டு போனாய். நீ வாதாடியிருந்தால் ஒருவேளை நான் யோசித்திருப்பேன். இப்படிச் சொல்லும்போதே பழியை உன் பக்கம் தள்ளுகிறேன் என்பதும் தெரிகிறது. வாதாடாத பெண்ணாக உன்னை வளர்த்தது யார்?

அடித்த இடத்தில் நான் எதை வைத்தேன் என்பதுதான் இதில் பெரிய வெட்கம். அது ஆந்திர ராஜ்யம் தனியாகப் பிரிந்த வருஷம். சித்தூர் ஜில்லாவில் எந்தத் தாலுகா எந்தப் பக்கம் என்று ஊருக்கு ஊர் பேச்சு. நகரி, புத்தூர், சத்தியவேடு பக்கத்து ஜனங்கள் தங்களைத் தமிழ்ப் பக்கத்திலேயே வைக்கச் சொல்லிக் கூட்டம் போட்டு, மனு எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தார்கள். உன் பெரியப்பா நகரியிலிருந்து ஒரு மூட்டை மல்லாட்டைக் கடலையோடு நம் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தது நினைவிருக்கும். "இன்னா மா, பட்டணத்துல படிச்சவ நீ ஒருத்திதான் நம்ம வகையறாவுல. நீயே எழுதிக் குடு. சும்மா ரெண்டு வரி போதாது. படிக்கிறவன் எழுந்து நின்னுக்கினு படிக்கணும், அவ்ளோ கனமா இருக்கணும்" என்றார். எழுதினேன். தமிழின் தொன்மை, மலையின் பெருமை, பிள்ளைகளைத் தாலாட்டும் மொழி, கல்வெட்டு, கோயில், கவிதை என்று ஒரு பக்கம். எழுதும்போது எனக்கே உடம்பு சிலிர்த்தது. உன் நைனா கோர்ட்டில் ஆயிரம் மனுவைப் பார்த்தவர். படித்துவிட்டு, "நல்லாத்தான் கீது. இதுல நம்ம ஊர் பேரு எப்போ வரும்?" என்று கேட்டார். உங்களுக்கு எல்லாம் கிண்டல்தான் என்று தாளைப் பிடுங்கிக்கொண்டேன்.

அந்தப் பக்கம் கை மாறிக் கை மாறிப் போயிற்று. கார்பன் வைத்து எடுத்தார்கள். ஒவ்வொரு ஊர் மனுவுக்கும் அதையே தலையில் வைத்தார்கள். பள்ளிக்கூடங்களில் கட்டுரைக்கு மாதிரியாகவும் கொடுத்தார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. உன் கட்டுரையின் தலையில் நான் வைத்ததும் அதைத்தான். மனுவில் 'இந்தத் தாலுகா' என்று இருந்த இடத்தில் 'இந்தப் பாடல்' என்று போட்டேன். வேறெதையும் மாற்றத் தேவைப்படவில்லை. மாற்றத் தேவைப்படவில்லை என்பதே எனக்கு எச்சரிக்கையாக இருந்திருக்க வேண்டும். இன்று என் மாணவிகளுக்கு நான் சொல்வது இதுதான்: உன் முதல் பத்தியைத் தூக்கி வேறொரு பாட்டைப் பற்றிய கட்டுரையின் மேல் வைத்துப் பார். அங்கேயும் பொருந்தினால் கிழித்துப் போடு. உன் முதல் வாக்கியம் அந்தப் பாட்டை விட்டு வேறெங்கும் போய் உட்கார முடியாததாக இருக்க வேண்டும். என் பக்கம் ஒரு ஜில்லா முழுவதற்கும் பொருந்தியது.

நேர்காணலுக்குச் சென்னைக்கு நான்தான் உன்னை அழைத்துப் போனேன். கல்லூரி வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். என் பக்கத்தில் புத்தூரிலிருந்து ஒரு தமிழ் வாத்தியார், அவர் மகள் ருக்குவுக்காக வந்திருந்தவர். ஒவ்வொருவராக உள்ளே போய் வந்தபின், சித்தூர் ஜில்லாப் பெண்கள் மூன்று பேரை மட்டும் சேர்த்துக் கூப்பிட்டார்கள். உள்ளே யாரோ சிரிக்கும் சத்தம் கேட்டது. வாத்தியார் என்னைப் பார்த்து, "ஜில்லாவுக்கு மதிப்பு போலக்கிதும்மா, சேத்துக் கூப்புட்றாங்க" என்றார். எனக்கும் உள்ளூரப் பெருமையாகத்தான் இருந்தது. கால் மணி நேரத்தில் வெளியே வந்தீர்கள். ருக்குவும் இன்னொரு பெண்ணும் கண் சிவந்திருந்தார்கள். உன் முகம் எப்போதும் போல இருந்தது. அருகில் வந்து நின்றாய். நான் உன் கையைப் பார்த்தேன், காலியாக இருந்தது.

"குடை எங்கே?" என்று கேட்டேன்.

உள்ளே மறந்து வைத்துவிட்டதாகச் சொன்னாய். போய் எடுத்து வா என்றேன். "வேணாம்மா" என்றாய். புதுக் குடை, இப்படியா போட்டுவிட்டு வருவாய் என்று வாசல் வரைக்கும், பஸ் ஏறும் வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தேன்.

என்ன நடந்தது என்பது அரக்கோணம் வரை ஒரே வண்டியில் வந்த ருக்குவின் வாயிலிருந்துதான் வந்தது. நீ ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாய். மூன்று கட்டுரைகளையும் மேஜைமேல் வரிசையாக வைத்து, உங்களைக் கேள்வி கேட்ட பேராசிரியை அம்மையார் மூன்றின் முதல் பத்தியையும் ஒன்றன்பின் ஒன்றாக உரக்கப் படித்தாராம். மூன்றும் ஒன்றே. "உங்க ஜில்லாவில எல்லாருக்கும் ஒரே வாயா?" என்று கேட்டுச் சிரித்தாராம். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "உங்கள்ல யார் இதைச் சொந்தமா எழுதினது? சொல்லுங்க, அவங்களுக்குத் தோஷமில்லே" என்றாராம். "நாங்க ரெண்டு பேரும் இவளப் பாத்தோம். இவங்க அம்மா எழுதினதுன்னு எங்களுக்குத் தெரியும் இல்ல? 'நாந்தான்'னு இவ ஒரு வார்த்த சொல்லியிருந்தா சீட்டு இவளுக்குத்தான். 'மூணு பேருமே இல்லீங்க'ன்னுட்டா" என்றாள் ருக்கு.

வாத்தியார் தலையில் கை வைத்துக்கொண்டார். "நாந்தாம்மா குடுத்தேன் எம் பொண்ணுக்கு. உங்க எழுத்துன்னு தெரியும், நல்லதாச்சேன்னு குடுத்தேன். உங்க பொண்ணும் அதையே எழுதிக்கினு வரும்னு எனக்கு இன்னா ஜோசியமா தெரியும்?" என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ருக்கு இன்னொன்றும் சொன்னாள். அந்த அம்மையார் கெட்டவர் அல்ல. முதல் தாளை ஓரமாக ஒதுக்கி வைத்துவிட்டு உன்னைப் பார்த்து, "இது வேண்டாம். மீதிக் கட்டுரை எனக்குப் பிடிச்சிருக்கு. நீயா ஆரம்பிச்சா எப்படி ஆரம்பிப்பே? ஒரு வாக்கியம் சொல்லு" என்று கேட்டிருக்கிறார். நீ தலையைக் குனிந்துகொண்டு நின்றாயாம். அவர் காத்திருந்தாராம். உன்னிடம் அந்த வாக்கியம் இருந்தது, அலமு. அதைத்தான் அவர் கேட்டார். அதைச் சொல்லியிருந்தால் அந்த அறையில் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்கள். சொல்ல நீ யார் என்று நான் கேட்டுவிட்டேன், நீயும் அதற்கு மரியாதை கொடுத்துவிட்டாய். அரக்கோணத்தில் அவர்கள் இறங்கிப் போனார்கள். பிறகு காட்பாடியில் இறங்கும்போதுதான் நான் பேசினேன், "பையைப் பாத்து எடு" என்று.

இடம் கிடைக்கவில்லை. திருப்பதியில் சரித்திரம் எடுத்துப் படித்தாய், நகரியில் வேலைக்குப் போனாய். நானும் சித்தூரை விட்டு இங்கே கல்லூரிக்கு வந்துவிட்டேன். எல்லை விஷயம் வருஷக்கணக்கில் இழுத்தது. ஒரு நாள் பெரியப்பா விசாரணைக்கு வந்த அதிகாரியைப் பார்த்துவிட்டு நேராக நம் வீட்டுக்கு வந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றுகொண்டு, "இன்னா மா எழுதின நீ? அந்த ஆளு பொறட்றான், பொறட்றான், 'ஊரு பேரு எக்கட?'ன்னு என்னைக் கேக்கறான். மூணாவது பக்கத்துல கீதுன்றேன். அதுக்குள்ள அட்த்த ஊர்க்காரனக் கூப்ட்டுட்டான்" என்றார். உன் நைனா உள்ளேயிருந்து சிரித்தது எனக்குக் கேட்டது. திருத்தணி சென்னை ராஜ்யத்தோடு போயிற்று, நகரி ஆந்திராவிலேயே நின்றது. நான் எழுதிய பக்கத்தால்தான் நின்றது என்று நினைக்கும் அளவுக்கு எனக்குக் கர்வம் இல்லை. கோடு போடுகிறவர்கள் கவிதை படித்துக் கோடு போடுவதில்லை. ஆனால் கேட்க வந்த மனிதனுக்கு எந்த ஊரைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைக்கூட முதல் பக்கத்தில் சொல்லாத மனு அது. அந்தக் குற்றம் என்னுடையது.

முன்னுரையின் வேலை என்ன என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. பட்டம் வாங்கி இருபது வருஷம் கழித்து. படிக்கிறவருக்கு எந்தப் பாட்டு, அதில் என்ன நடக்கிறது என்று இரண்டு வரியில் சொல். பாட்டு முழுவதையும் உரைநடையில் திருப்பிச் சொல்லாதே. அதைப் படிக்கத் தெரிந்தவர்தான் எதிரே உட்கார்ந்திருக்கிறார். பிறகு, மற்றவர்கள் அதில் என்ன பார்த்தார்கள், நீ எந்த இடத்தில் அவர்களிடமிருந்து விலகுகிறாய் என்று சொல். அந்த விலகலை ஒருவர் மறுக்கக் கூடிய வாக்கியமாக எழுது. 'இந்தப் பாட்டு அழகானது' என்றால் யாரும் மறுக்க மாட்டார்கள், ஆகவே யாரும் மேலே படிக்கவும் மாட்டார்கள். தெலுங்கு வீட்டுப் பெண் ஒருத்தி, ஆசைப்பட்டுத் தமிழ் எடுத்தவள், போன வருஷம் வகுப்பில் கேட்டாள். "முன்னுரைன்னா பெரிய மனுஷாள் வீட்டுக்குப் போறப்ப, முதல்ல குசலம் விசாரிச்சுட்டு அப்புறமா விஷயத்துக்கு வர்ற மாதிரி இல்லியா மேடம்? எடுத்த உடனே விஷயம் பேசினா மரியாதை இல்லியே?" வகுப்பே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. எங்கள் தலைமுறை முழுவதும் அப்படித்தான் எழுதிற்று. குசலத்திலேயே பொழுது போய்விடும், விஷயம் வாசற்படியில் நின்றுகொண்டிருக்கும்.

'எனக்கென்னவோ' என்பதைச் சுழித்தேனே, அதில் மட்டும் பாதி நியாயம் இருந்தது என்று இப்போதும் நினைக்கிறேன். உனக்குத் தோன்றுவது போதாது. ஏன் தோன்றுகிறது என்பதைப் பாட்டிலிருந்து எடுத்துக் காட்ட வேண்டும். ஓரத்தில் 'ஆதாரம்?' என்று கேட்டது சரி. ஆதாரத்தைத் தேடச் சொல்லி உன்னை அனுப்பாமல் வாக்கியத்தையே அடித்தது சரியில்லை. ஆதாரம் இப்போது உன்னிடம் இருக்கிறது. பன்னிரண்டு பக்கத்தையும் இரண்டு முறை படித்துவிட்டேன். அந்தத் தாயின் கேள்விகள் எல்லாம் பாதியில் விட்ட வேலைகளைப் பற்றியவை, முடித்த வேலை எதையும் அவள் கேட்பதில்லை என்று நான்காம் பக்கத்தில் காட்டியிருக்கிறாய். நான் பல வருஷம் பாடம் நடத்தியும் கவனிக்காதது. ஏழாம் பக்கத்தின் நடுவில் ஒரு வாக்கியம் இருக்கிறது. 'கேட்க வேண்டியதைக் கேட்கத் தெரியாதவர்கள் பொருள்களைப் பற்றிக் கேட்கிறார்கள்.' அதன் கீழே பென்சிலால் மெல்லிதாக ஒரு கோடு போட்டிருக்கிறேன். அது ஒன்றுதான் நான் செய்த காரியம். அடித்த கோடு அல்ல, அடிக்கோடு. வேண்டாமென்றால் ரப்பரால் அழித்துவிடு.

அந்த வாக்கியத்தின் இடம் ஏழாம் பக்கம்தானா என்று நீயே பார்த்துக்கொள். எழுதத் தொடங்கும்போது நமக்கு என்ன சொல்லப்போகிறோம் என்பது சரியாகத் தெரியாது. ஆறு பக்கம் கையைப் பழக்கிய பிறகுதான் மனத்தில் இருப்பது வெளியே வருகிறது. ஆகையால் எழுதி முடித்தபின் திரும்பிப் போய் முன்னுரையை எழுது. நீ முதல் பக்கத்தை வெள்ளையாக விட்டது எனக்காக அல்ல, அந்த ஒழுங்கு தெரிந்துதான் என்று நினைத்துக்கொள்கிறேன். அந்த வெள்ளைத் தாளை அப்படியே தைத்தபடி திருப்பி அனுப்புகிறேன். என் பழைய பக்கம் எத்தனை ஊரில் எத்தனை பெண்களின் கையில் இன்னும் இருக்கிறதோ தெரியாது. அதனால்தான் இதைப் பத்திரிகைக்கும் அனுப்பலாமா என்று கேட்கிறேன். பிரதி எடுத்துப் பரவியது என் தவறு. அது தவறு என்று சொல்வதும் அந்த வீடுகளுக்கெல்லாம் போய்ச் சேரட்டும்.

நான் சொன்ன ஒழுங்கு எனக்கும் பொருந்தும். இவ்வளவு தூரம் எழுதிவிட்டுத் திரும்பிப் பார்த்தால், இந்தக் கடிதத்தின் முதல் வாக்கியம் தவறாக இருக்கிறது. முன்னுரையைப் பற்றி எழுதுவதாக நினைத்துக்கொண்டு ஆரம்பித்தேன். திருப்பதிக்கும் நகரிக்கும் உனக்கு எழுதிய கடிதங்களை யோசித்துப் பார்க்கிறேன். எல்லாவற்றின் தலையிலும் 'நலம் அறிய அவா' என்று ஒரே வரி, எந்த மகளுக்கு எந்தத் தாய் எழுதினாலும் பொருந்தும் வரி. அதற்குக் கீழே, அடுப்புத் திரி மாற்றினாயா, தண்ணீர்ப் பானைக்கு மூடி வாங்கினாயா, பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வந்துபோனாரா. ஏழு வருஷக் கடிதங்களையும் சேர்த்து வைத்தால் அந்தப் பத்து வரிப் பாட்டுதான். நீ பதினெட்டு வயதில் அந்த முதல் வாக்கியத்தை எழுதி என் மேஜையில் வைத்தபோது எனக்கு அது விளங்காமல் இல்லை. விளங்கியதால்தான் கை சிவப்பு மையைத் தேடிற்று. நன்றாக எழுதப்பட்ட முதல் வாக்கியம் படிக்கிறவரை நேராகப் பார்க்கும். அது என்னைப் பார்த்தது, நான் அடித்துவிட்டேன்.

முதல் தாளைக் கிழித்து மறுபடி எழுதலாம். ஆனால் அது நான் எப்படிப்பட்டவள் என்பதற்கு ஆதாரம், இருக்கட்டும். அந்த இடத்தில் வந்திருக்க வேண்டிய வாக்கியத்தை இங்கே, கடைசியில் எழுதுகிறேன். ஏழு வருஷம் தாமதம். பதில் எழுது, எவ்வளவு நீளமாக இருந்தாலும் பேனாவைத் தொடாமல் படிக்கிறேன்.

குடை போனால் போகட்டும். அன்றைக்கு அந்த அறையிலிருந்து வெளியே வந்தபோது உனக்கு எப்படி இருந்தது, அலமு?

அம்மா